கடலோர ஊரில் கைக்கெட்டும் வீடு: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எந்த ஊரில் வீடு பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வருவது "எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி, பதிலும் கீழே இருக்கிறது. ஆனால் இந்தக் கரையில் கட்டிய வீடுகளே உப்பில் உதிர்கின்றன, பட்டா சரியில்லாமல் முடங்குகின்றன, விலைக்குக் கைமாறுகின்றன. ஆண்டுக்கு நாலு வீடு கட்டிக்கொண்டே ஐந்து வீட்டை இழக்கும் ஊர் எப்போது கரையேறும்? அதனால் இருக்கிற வீட்டைக் காப்பதற்கு இங்கே கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். தொகைகளும் விதிகளும் குறிப்பிட்ட ஆண்டில் அறிவித்தபடி உள்ளன. மனுக் கொடுக்கும் முன் ஒன்றிய அலுவலகத்திலோ நகராட்சியிலோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டலாக இவ்வளவு நிலம் கிடக்கும் மாவட்டத்தில் வீட்டுக்கு எப்படிப் பஞ்சம் வரும்?

நிலம் இருக்கிறது, குடியிருக்க ஏற்ற நிலம்தான் குறைவு. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் இடங்களில் பல கண்மாய், ஊருணி, ஓடை என்று கணக்கில் இருக்கும். அங்கே பட்டா வாங்க முடியாது. உவர் மண் பக்கம் அஸ்திவாரம் போட்டால் செலவு இரட்டிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையும் மதுரை–தனுஷ்கோடி நெடுஞ்சாலையும் போகிற வழியெல்லாம் பிளாட் கல் நட்டு விலை ஏறிவிட்டது. கடற்கரைப் பக்கம் கடலோர ஒழுங்குமுறை விதி இருக்கிறது. இவ்வளவையும் கழித்தால், விடியுமுன் வள்ளத்துக்கு நடந்து போகிற தூரத்தில் மிஞ்சும் மனை மிகக் கொஞ்சம்.

ராமேஸ்வரத்தில் இன்னொரு நெருக்கடி. தீவு என்பதால் ஊர் விரிய இடமில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்து, தீவுக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கியிருக்கிறது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியிருப்பு வீட்டுக்குக் கிடைக்கும் மாத வாடகையை ஒரு லாட்ஜ் அறை நாலைந்து நாளில் சம்பாதித்துவிடும். வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி.

எங்களுடையது தொண்ணூறுகளில் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. மட்டப்பாவில், அதாவது கூரைத் தளத்தில், கம்பி தெரிகிறது, காரை விழுகிறது. இடித்துவிட்டுக் கட்டுவதா, சரிசெய்வதா?

முதலில் அந்த அறையில் படுப்பதை நிறுத்துங்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் சுவர் ஓரமாகவோ திண்ணைக்கோ மாற்றுங்கள். காரை விழுவதை அழகுப் பிரச்சினையாக நினைத்துப் பூசி மறைப்பவர்கள் அதிகம். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது, அந்த உப்பல்தான் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. மேலே புதுப் பூச்சு போட்டால் துரு நிற்காது, அடுத்த ஆண்டு இன்னும் பெரிய துண்டாக விழும்.

பிறகு சுத்தியலால் கூரைத் தளத்தின் அடிப்பக்கம் முழுக்க மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இடம், பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போன இடம். ஆங்காங்கே மட்டும் விட்டிருந்தால் சரிசெய்யலாம். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். மேலே தண்ணீர் இறங்காதபடி தட்டோடு பதிக்க வேண்டும் அல்லது நீர்த்தடுப்புப் பூச்சு போட வேண்டும். வேலை நடக்கும்போது அடியில் முட்டுக் கொடுக்க மறக்கக் கூடாது. தளம் முழுக்கப் பொத்தென்று கேட்டால், அல்லது நடுவில் தொய்வு தெரிந்தால், பொறியாளரைக் கூட்டி வந்து காட்டாமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். அந்த நிலையிலும் சுவரும் அஸ்திவாரமும் நன்றாக இருந்தால் தளத்தை மட்டும் எடுத்து மாற்றலாம். முழு வீட்டையும் இடிக்கச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் காரணம் கேளுங்கள்.

பழைய வீட்டைப் பழுதுபார்க்க அரசு பணம் கொடுக்குமா?

ஊராட்சிப் பகுதியில் அரசுத் திட்டத்தில் 2001-க்கு முன் கட்டிய வீடு என்றால் வாய்ப்பு உண்டு. இப்படிப்பட்ட 2.5 லட்சம் வீடுகளைச் சீரமைக்க 2,000 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. ஓட்டு வீடு, தள வீடு இரண்டும் அதில் வரும். சிறு பழுது, பெரும் பழுது என்று பொறியாளர் பார்த்துப் பிரிப்பார். வீடு எந்தத் திட்டத்தில், எந்த ஆண்டு கட்டியது என்பதற்கு ஊராட்சிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்று எடுத்து வையுங்கள். சொந்தக் காசில் கட்டிய பழைய வீட்டுக்கு இந்த வழி இல்லை. பழுது பார்ப்பதற்கும் உதவித்தொகை வேண்டும் என்று நகரப் பகுதி மக்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் நகரத் திட்டங்கள் இன்னும் புது வீட்டின் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

புதிதாகக் கட்டுகிறோம். இந்த உப்புக் காற்றுக்கு எப்படிக் கட்டினால் நிற்கும்?

மதுரையில் கட்டுவது போல இங்கே கட்டக் கூடாது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடலோரக் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டைக் கடும் சூழல் என்று வகைப்படுத்துகிறது. அதற்கு எம்-30 தரம் (எண் கூடினால் வலு கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் கேட்கிறது. உப்புக் காற்றிலிருந்து மறைவான உள்பக்கத்துக்கு 30 மில்லிமீட்டர். நம் கொத்தனார்கள் போடும் 1:1½:3 கலவை எம்-20 தரம்தான். மூடல் பல வீடுகளில் சுண்டுவிரல் அகலம்கூட இருப்பதில்லை. சென்ட்ரிங் தகட்டின் மேலேயே கம்பி படுத்துக் கிடக்கும். இரண்டையும் சரிசெய்ய ஆகும் கூடுதல் செலவு, மொத்த வீட்டுச் செலவில் சிறியது. கம்பியைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையான கவர் பிளாக் சில ரூபாய் சமாச்சாரம். கான்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரர் நின்று பார்க்க வேண்டிய ஒரே காரியத்தைச் சொல்லச் சொன்னால், கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்பதைச் சொல்வேன்.

அடுத்தது தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் ஆகாது என்பது அதே விதி. கரையோர போர்த் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டும். நாக்கில் உப்புத் தெரிந்தாலே லேபில் கொடுத்துப் பாருங்கள். "கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்கிட்டோம், நனைக்கிறதுக்குத்தான் போர்த் தண்ணி" என்பார்கள். தளத்தின் மேல் பாத்தி கட்டி ஏழு, பத்து நாள் உப்புத் தண்ணீரைத் தேக்கினால் கான்கிரீட் அதைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். நனைப்பதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். அதுவும் தட்டுப்பாடு என்றால் ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை மூடுங்கள், பாத்தி கட்டுவதைவிடத் தண்ணீர் மிகக் குறைவாகச் செலவாகும். கடல் மணலைக் கழுவிப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள். சிமெண்டில் சாம்பல் கலந்த வகையோ (பி.பி.சி.) இரும்பாலைக் கசடு கலந்த வகையோ (பி.எஸ்.சி.) வாங்குங்கள். உப்பு உள்ளே ஊடுருவுவதை இவை மெதுவாக்கும், எதுவும் கலக்காத சாதாரண சிமெண்டைவிட (ஓ.பி.சி.) நல்லது.

இன்னொன்று: பின்னால் மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பியை மொட்டை மாடியில் நீட்டி விடுவது. வெளியே நிற்கும் கம்பி துருப்பிடித்து, துரு கீழே தூணுக்குள் இறங்கும். மாடி வரும் முன் தூணே போய்விடும். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதைச் சிமெண்ட் குறைவாகப் போட்ட கான்கிரீட்டில் மூடி வையுங்கள், வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம்.

ஓட்டு வீடு கௌரவக் குறைச்சல் என்கிறார்கள் பிள்ளைகள். ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. ஓட்டு வீட்டில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. உடைந்த ஓட்டை அன்றே மாற்றலாம், கடன் வேண்டாம். சித்திரை வெயிலில் தளத்துக்கு அடியில் மின்விசிறி அனல் காற்றைத்தான் இறக்கும், ஓட்டுக்கு அடியில் உட்கார முடியும். பலவீனம் காற்றில்தான். கடைசி வரிசை ஓடுகளையும் முகட்டோடுகளையும் சாந்து வைத்துக் கட்டுங்கள். சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்து, பட்டைக்குத் துருத் தடுப்பு அடியுங்கள். தாழ்வாரக் கூரையைத் தனியாக இறக்குங்கள், காற்று பிய்த்தாலும் முதன்மைக் கூரையைப் பிடித்து இழுக்காது.

பனஞ்சட்டம் புதிதாகத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள். இடிக்கும் வீடுகளில் கிடைக்கும் முற்றிய வைரம் பாய்ந்த பழைய சட்டம் புதிதைவிட மேல், விசாரித்து வாங்குங்கள்.

கீழக்கரையில் எங்கள் பூர்வீக வீட்டுச் சுவர் கடல் பவளக்கல். அதே கல் கிடைக்குமா?

கிடைக்காது, தேடவும் கூடாது. பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் அவற்றை எடுப்பது குற்றம். பழைய சுவரில் பெயர்ந்த கல்லை அங்கேயே திரும்பப் பயன்படுத்தி, சுண்ணாம்புச் சாந்தால் பூசுங்கள். சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சோடு கல்லும் சேர்ந்து பொரியும்.

ஐம்பது வருடமாகக் குடியிருக்கிறோம், வீட்டு வரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது. பட்டா இல்லாவிட்டால் என்ன?

வரி ரசீது நீங்கள் குடியிருப்பதற்குச் சான்று, இடம் உங்களுடையது என்பதற்குச் சான்று இல்லை. வீட்டுத் திட்டம், வங்கிக் கடன் எல்லாம் பட்டாவில்தான் தொடங்கும். இடம் நத்தமா (ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்), அரசுப் புறம்போக்கா, யாருடையதாவது பட்டா நிலமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். நத்தம் என்றால் வேலை எளிது. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் வரன்முறைப்படுத்தக் கேட்கலாம். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் எந்த அரசியல்வாதி வாக்குக் கொடுத்தாலும் நம்பாதீர்கள், நீதிமன்றங்கள் அதை விடுவதில்லை. அங்கே கேட்க வேண்டியது மாற்று இடம், அதுவும் வேலைக்குப் போகும் தூரத்தில்.

இங்கே அதிகம் பார்ப்பது கூட்டுப் பட்டா. தாத்தா பெயரில் இடம், பேரன்கள் ஏழு பேர், இரண்டு பேர் துபாயில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. ஏழு பேரும் கையெழுத்துப் போடாமல் திட்டமும் வராது, கடனும் வராது, வீடு மட்டும் இடிந்துகொண்டிருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே பாகப்பிரிவினையோ தானசெட்டில்மென்டோ எழுதிவிடுவது நல்லது. குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மென்டுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. பதிந்த கையோடு சர்வே எண்ணில் உங்கள் பங்கைத் தனியாகப் பிரிக்கும் உட்பிரிவுக்கும் மனுக் கொடுங்கள். அதை விட்டுவிட்டுப் பத்திரத்தைப் பீரோவில் பூட்டி வைப்பவர்கள்தான் அதிகம்.

விலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு சலுகை: 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சலுகை இல்லாவிட்டாலும் வீட்டை அம்மா பெயரில், மனைவி பெயரில், மகள் பெயரில் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் கீழக்கரைப் பக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. கணவனை இழந்த பெண்ணோ வெளிநாட்டில் கணவன் இருக்கும் பெண்ணோ வாசலில் நிற்க வேண்டிய நிலை அங்கே குறைவு.

இடம் கோயிலுக்கு, பள்ளிவாசலுக்கு, சர்ச்சுக்குச் சொந்தம். நாங்கள் அடிமனை வாடகை கட்டுகிறோம். என்ன செய்வது?

கட்டடம் உங்களுடையது, மண் அவர்களுடையது என்ற இந்த ஏற்பாடு எளியவர்களை ஊர் நடுவில் வாழ வைத்திருக்கும் பழைய வழி. குறை சொல்லாமல் அதை எழுத்தில் உறுதியாக்கப் பாருங்கள். ரசீது யார் பெயரில் வருகிறது? தாத்தா பெயரில் என்றால் பெயர் மாற்றம் கேளுங்கள். பாக்கி வைக்காதீர்கள், பாக்கிதான் வெளியேற்ற நோட்டீசின் முதல் வரி. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில் இடத்தை 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையர் அனுமதி வேண்டும், வாடகையை நியாய வாடகைக் குழு நிர்ணயிக்கும். அடிமனை இடத்துக்குப் பட்டா கேட்டு மனுப் போடுவதால் காலம்தான் போகும். கூரை பழுது பார்க்க எழுத்து மூலம் அனுமதி கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சரி, புது வீட்டுக்கு எந்தத் திட்டம்?

நீங்கள் இருப்பது ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா என்பதைப் பொறுத்தது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ஊர்களுக்கு வேறு வேறு திட்டம். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, பெரியபட்டினம் எல்லாம் ஊராட்சி. தொண்டி, மண்டபம், சாயல்குடி பேரூராட்சி. கீழக்கரையும் ராமேஸ்வரமும் நகராட்சி.

ஊராட்சியில் குடிசையில் குடியிருந்து இடத்துக்குப் பட்டாவும் வைத்திருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் என்று 2024-ல் அறிவித்தார்கள். 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது அறிவிப்பு. வீடு குறைந்தது 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்கு வேறு கூரை உங்கள் விருப்பப்படி. வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பிரதமரின் ஊரகத் திட்டத்தில் ஒன்றிய, மாநிலப் பங்கு 1.2 லட்சம், தளம் போடத் தமிழ்நாடு அரசு மேலும் 1.2 லட்சம் சேர்க்கிறது. பெயர் கணக்கெடுப்புப் பட்டியலில் இருக்க வேண்டும்.

பேரூராட்சி, நகராட்சியில் பிரதமரின் நகர்ப்புறத் திட்டம். 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் சொந்த இடத்தில் கட்டுபவருக்கு ஒன்றிய அரசு 1.5 லட்சம், மாநிலம் குறைந்தது 1 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடன் வாங்கிக் கட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு, வருமானம் 9 லட்சம் வரை, முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. மொத்தம் 1.8 லட்சம் வரை, ஐந்து ஆண்டுத் தவணையில் வரும். இவை தவிர, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய உறுப்பினராக இருந்தால் அங்கேயும் வீட்டுக்கு உதவி இருக்கிறது, கேளுங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு திட்டத்தில் பணம் வாங்க முடியாது.

3.5 லட்சத்தில் வீடு முடியுமா?

முடியாது. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே 360 சதுர அடிக்கு 7.2 லட்சம் ஆகிறது. மீதியில் ஒரு பகுதியை நம் உடலுழைப்பும், பழைய வீட்டின் கல்லும் மரமும், சொந்தக்காரர் கைமாற்றும் ஈடுகட்டும். பாதியில் நின்றுபோன வீடுகளைப் பார்த்தால் பலவற்றில் ஒரு பழக்கம் தெரியும். "கட்டுறதுதான் கட்டுறோம், இன்னொரு ரூம் சேர்த்துப் போட்டுருவோம்" என்று 600 சதுர அடிக்கு அஸ்திவாரம் போட்டிருப்பார்கள். பணம் கட்டக் கட்டத்தான் வரும், வாசல் ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டம் தொட்டால்தான் அடுத்த தவணை. பெரிய அஸ்திவாரத்தில் கைக்காசு கரைந்தால் லிண்டலை எட்டவே முடியாது, அப்புறம் கந்துவட்டி. திட்டம் சொல்லும் அளவிலேயே முடித்து, குடியேறி, பிறகு பக்கவாட்டில் அறை சேர்க்கும்படி சுவரை அமைத்துக்கொள்ளுங்கள்.

கடலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிக் கட்ட வேண்டும்?

அலை இன்று நிற்கும் இடத்திலிருந்து அளக்கக் கூடாது. அரசு வரைபடத்தில் குறித்த உயர் அலைக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். ஊராட்சிப் பகுதியில் ஒன்றிய அரசின் 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி 200 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்குத் தடை. மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் குடியிருப்புக்கு மட்டும் 100 முதல் 200 மீட்டருக்குள் இடம் உண்டு. 2019 அறிவிக்கை, மக்கள் அடர்ந்த ஊர்ப்பகுதியில், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால், இந்தத் தடையை 50 மீட்டராகக் குறைத்தது. அது புதிய கடலோர மண்டல வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே செல்லும். நகராட்சிப் பகுதியில் ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம். அனுமதி பெற்ற பழைய வீட்டை அதே அளவில் பழுதுபார்க்கவும் திரும்பக் கட்டவும் தடையில்லை. பழைய வீட்டை அவசரப்பட்டு இடிக்காதீர்கள், ஆவணத்தைத் தொலைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அந்தச் சீட்டு கடலோர விதியிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

மீனவ ஊர்களுக்கு முக்கியமான ஒன்று 2011 அறிவிக்கையிலேயே இருக்கிறது. மீனவ கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும், பெருகும் குடும்பங்களுக்கான நீண்ட கால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு திட்டம் போட வேண்டும். வரைவு வரைபடத்துக்குக் கருத்துக் கேட்கும்போது வலை காயப்போடும் திடலும் வள்ளம் ஏற்றும் கரையும் உங்கள் ஊர்ப் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் காலியிடமாக இருப்பது நாளைக்கு யாருக்கோ ரிசார்ட் ஆகும்.

கடற்கரை வேண்டாம், உள்ளே தள்ளி அரசு இலவச மனை தருகிறது. வாங்கலாமா?

மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வெயில் காலத்தில் மேடாகத் தெரியும் இடம் அப்படிப்பட்ட நாளில் குளமாகும். பேஸ்மெண்டை உயர்த்திக் கட்டுவது வீட்டைக் காக்கும், தெருவைக் காக்காது. தெருவை முதலில் உயர்த்தி, தண்ணீர் வடியும் வழியை வெட்டி, அப்புறம் மனை பிரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியை வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தார்கள். மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு அங்கேயே தொழில் செய்தன. மீன் இருக்கும் இடத்தில்தான் மீனவர் இருப்பார். தொலைவில் கட்டிக் கொடுக்கும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கரையில் கொட்டகை போட்டுப் படுப்பார்கள்.

அடுக்குமாடியாகக் கட்டினால் இடம் மிச்சமாகுமே?

ஆசிரியர், செவிலியர், கடையில் வேலை செய்பவர்களுக்கு ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் அது சரிவரும். மீனவக் குடும்பத்துக்குச் சரிவராது. மூன்றாவது மாடியில் வலையை எங்கே போடுவது? கருவாட்டை எங்கே காய வைப்பது? ஐஸ் பெட்டியையும் வள்ளத்தில் கழற்றி மாட்டும் இன்ஜினையும் தூக்கிக்கொண்டு படி ஏறுவது யார்? கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஈரத் துணியோடு வந்து நிற்க முற்றம் வேண்டும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தரையோடு ஒரு மாடி, கீழே பொதுவான சாமான் கொட்டகை, திறந்த முற்றம். பராமரிப்புச் செலவு யாருடையது என்பதைச் சாவி கொடுக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒத்திக்கு வீடு எடுப்பது நல்லதா, வாடகையா?

கையில் மொத்தமாகப் பணம் இருந்தால் ஒத்தி லாபம்தான், ஆனால் பதிந்தால் மட்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சி வைத்து லட்சக்கணக்கில் கொடுப்பது நம் பக்கம் சகஜம். வீட்டுக்காரர் அதே வீட்டை வங்கியில் அடமானம் வைத்தாலோ விற்றாலோ அந்தத் தாளை வைத்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வில்லங்கச் சான்று பார்த்து, ஒத்தியைப் பதிவு அலுவலகத்தில் பதியுங்கள்.

வாடகை என்றால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். வேறு ஏற்பாடு எழுதாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்பார்கள். பேசிப் பாருங்கள், சட்டம் உங்கள் பக்கம் என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

ஊரில் பாதித் தெரு பூட்டிக் கிடக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டில் குடிவைக்க முடியாதா?

முடியும், அவர்களுடைய பயத்துக்குப் பதில் சொன்னால். "குடிவந்தவர் காலி பண்ண மாட்டார்" என்பதுதான் பயம். ஜமாத்தோ ஊர்க் கமிட்டியோ நடுவில் நின்று, 11 மாத ஒப்பந்தம் பதிந்து, வாடகையை வங்கியில் வாங்கி, பழுது பார்க்கும் செலவை அதில் கழித்து, ஊருக்கு வரும் மாதத்தில் தங்க ஒரு அறையைப் பூட்டி வைத்துக்கொடுத்தால் பலர் சம்மதிப்பார்கள். பூட்டிய வீடு இந்த உப்புக் காற்றில் குடியிருக்கும் வீட்டைவிடச் சீக்கிரம் கெடும் என்பதையும் சொல்லிப் பாருங்கள். யாரும் ஜன்னல் திறப்பதில்லை, மாடிக் குழாயில் அடைத்த இலையை எடுப்பதில்லை.

வீட்டை யாத்ரீகர்களுக்கு விட்டால் தப்பா?

நீங்களும் அதே வீட்டில் குடியிருந்து ஓர் அறையை விடுவது வேறு, குடியிருப்பவரைக் கிளப்பிவிட்டு முழு வீட்டையும் லாட்ஜாக்குவது வேறு. கடலோர விதியே உள்ளூர் மக்கள் வீட்டின் அளவையும் முகப்பையும் மாற்றாமல் தங்கும் இடமாக நடத்த இடம் தருகிறது. முழு லாட்ஜ் என்றால் வணிக வரி, வணிக மின் கட்டணம் வசூலிக்க வேண்டும். வீட்டு இணைப்பிலேயே ஓடும் லாட்ஜ்களை நகராட்சி கண்டும் காணாமல் விடும்வரை வாடகைக்கு வீடு தேடுபவர் பாம்பனைத் தாண்டி மண்டபம், உச்சிப்புளி என்று போய்க்கொண்டே இருப்பார்.

நாங்கள் இருபது குடும்பம் சேர்ந்து இடம் வாங்கினால்?

நல்ல யோசனை. நிலத்தைச் சங்கத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டு, வீட்டை மட்டும் குடும்பத்துக்கு நீண்ட காலக் குத்தகையில் கொடுங்கள். விற்க நேர்ந்தால் முதலில் சங்கத்துக்குத்தான், முன்கூட்டிப் பேசிய விலையில். இதைப் பதிவு செய்த பத்திரத்தில் எழுதாவிட்டால் முதல் நல்ல விலை வந்ததும் ஒவ்வொரு மனையாகப் போகும். கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கமாகவோ 1975 சங்கப் பதிவுச் சட்டத்திலோ பதியலாம். நிலம் வாங்கும் முன் மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதியில்லாத மனையைப் பதிய முடியாமல் 2016-க்குப் பிறகு எத்தனையோ பேர் திண்டாடினார்கள்.

தண்ணீர்?

வீட்டு விலையில் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் தெருவுக்கு வந்திருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், அலுவலகத்தில் வேண்டாம். குடம் கணக்கில் வண்டித் தண்ணீர் வாங்கும் வீடு, வாடகை குறைவாக இருந்தாலும் மலிவு இல்லை. மழைநீர்ச் சேமிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். இங்கே அதை மண்ணுக்குள் விடுவதோடு நிறுத்தாமல் ஒரு மூடிய தொட்டியிலும் பிடியுங்கள். ராமேஸ்வரம் தீவிலும் கரையோர மணலிலும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மெல்லிய படலமாகத்தான் கிடக்கிறது. ஆழமாகப் போர் போட்டால் உப்பு மேலே ஏறும், கழிப்பறைக் குழி கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் அதுவும் கெடும்.

இதையெல்லாம் யாரிடம், எப்போது கேட்பது?

ஊராட்சியில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கனவு இல்லப் பயனாளிப் பட்டியல் அங்கேதான் ஒப்புதலுக்கு வரும். பெயர்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மாடி வீடு வைத்திருப்பவர் பெயர் வந்தால் அங்கேயே எழுந்து கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகராட்சி, பேரூராட்சியில் பகுதி சபைக் கூட்டம். மனுவை நகல் எடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போவதென்றால் அந்தச் சீட்டும் சர்வே எண்ணும் கையில் இருக்கட்டும்.